பேய்க்கதை அட்டைக்கு மர்மமான தமிழ் எழுத்துரு கிடைக்குமா?

ஏப்ரல் 22, 2025. களுவாஞ்சிக்குடி வாசகர் கேட்டது

அண்ணன், ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை செய்கிறேன். தலைப்பு ‘பனைக்கு அப்பால்’. எல்லாம் பேய், பில்லிசூனியம், வாவிக்கரையில் நடக்கிற கதைகள். ஆங்கிலத்தில் இந்த மாதிரி எழுத்துரு ஆயிரம் கிடக்கு. தமிழில் தேடினால் கல்யாணக் கார்ட் எழுத்துத்தான் வருகுது. தமிழ் எழுத்து உருண்டை, உருண்டை எழுத்தில் மர்மம் வராது என்று கூடப் படிக்கிறவர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? உண்மையென்றால் தலைப்பை ஆங்கில எழுத்தில் போட்டுவிடலாமா?

ஏப்ரல் 22, இரவு

ஆங்கில எழுத்தில் போட வேண்டாம் தம்பி. வாவிக்கரைப் பேய்க்கு ஆங்கிலம் தெரியாது.

உங்கள் நண்பர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆங்கிலத்தில் ‘இருட்டு’ எழுத்து என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பிளாக்லெட்டர் வகை. கறுத்து, நெருக்கமாக, முனை கூராக நிற்கும். கூட்டன்பேர்க் 1455 அளவில் பைபிளை அச்சிட்டது அந்த எழுத்தில்தான். ஜெர்மனியில் அதன் தம்பியான ஃபிராக்டூர் 20ஆம் நூற்றாண்டிலும் பாடப்புத்தகத்திலும் பத்திரிகையிலும் இருந்தது. 1941இல் நாஜி அரசு உத்தரவு போட்டு அதை நிறுத்தியது. அதுவரை அங்கே பிள்ளைகள் அதில்தான் வாசிக்கப் பழகினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதில் என்ன மர்மம்? புழக்கத்தை விட்டுப் போன பிறகு, தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் அது இருட்டாகத் தெரிகிறது.

டிராஜன் எழுத்துருவும் இப்படித்தான். கரோல் டுவோம்பிளி 1989இல் வரைந்தது, ரோமில் டிராஜன் தூணின் அடியில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்து. கல்லில் வெட்டிய பழைய எழுத்து என்பதால் பட விளம்பரங்களில் அதற்கு அவ்வளவு கனம்.

ஆகவே உருண்டையா கூரா என்பதை விடுங்கள். நம் வாசகனுக்குச் சொந்தமாக இருந்து, அவன் கையை விட்டுத் தூரமாகிப் போன எழுத்து எது? அதைத் தேடுவோம்.

ஏப்ரல் 23

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுத்திலிருந்து இரத்தம் வடிகிற எழுத்துருக்களைத் தமிழுக்கு இழுக்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுத்தின் அடியிலிருந்து ஒரு சொட்டு இறங்கினால் அது வெறும் சொட்டு. தமிழில் எழுத்தின் அடிப்பகுதி உகரத்துக்குரிய இடம். ‘ப’வின் வலது மூலையிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கினால் அது ‘பு’. வ, ய, ச எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. ‘பலி’ என்று தலைப்பு வைத்து இரத்தம் வடியவிட்டால் கடையில் ‘புலி’ என்று கேட்டுத்தான் வாங்குவார்கள்.

புள்ளிக்குப் பதிலாக மண்டையோடு வைப்பதும் வேண்டாம். உங்கள் தலைப்பில் மூன்று புள்ளி. மூன்று மண்டையோடு வந்தால் பூச்சிமருந்துப் போத்தல்தான் நினைவுக்கு வரும்.

ஏப்ரல் 25

சரி, இப்போது இருக்கிற எழுத்துருக்களுக்கு வருவோம். இலவசமாக, யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து இலக்க முறை), ஒழுங்கான உரிமத்தோடு கிடைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

கவிவனார். நம் நாட்டவரான தாரிக் அஸீஸ் செய்தது. சாய்ந்த கையெழுத்து. யாரோ ஒருவர் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரிக் கதைகளுக்கு இது நன்றாக வரும். தலைப்பைவிட ஆசிரியர் பெயர், பின்னட்டைக் குறிப்பு, கதைக்குள் வரும் கடிதம் ஆகியவற்றில் பாவித்துப் பாருங்கள். அவரே செய்த பவனம் எழுத்துருவும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அது வெளிச்சமான எழுத்து. இந்த வேலைக்கு வராது.

அரிமா மதுரை. முனைகள் மெதுவாக வளைந்து முடியும். மெல்லிய தடிப்பை எடுத்துப் பெரிதாக்கி, எழுத்துகளுக்கிடையில் கொஞ்சம் இடம் விட்டால் ‘ஒரு ஊரிலே’ என்று தொடங்கும் பழங்கதையின் குரல் வரும். பயம் குறைவு, மாயம் கூட.

காட்டமரான், அனெக் தமிழ் இரண்டும் அமைதியானவை. காட்டமரானில் ஒன்பது தடிப்பு உண்டு. அனெக்கில் அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். தலைப்புக்கு வேறு எழுத்து வைத்தால் துணைத்தலைப்பை இவற்றில் ஒன்றில் போடுங்கள். இரண்டும் அலங்காரமாக இருந்தால் ஒன்றையும் வாசிக்க முடியாது.

கொய்னி வேண்டாம். கொழுகொழுவென்று அழகான எழுத்து, ஐஸ்கிறீம் கடைக்கு வையுங்கள்.

போஸ்ட் நோ பில்ஸ் ஜாஃப்னா. கொழும்பிலுள்ள மூனியாக் குழு வெளியிட்டது. ‘விளம்பரம் ஒட்டாதீர்’ என்று மதிலில் தகரம் வெட்டி மை தெளித்து எழுதுவார்களே, அந்தச் சாயல். கோடுகள் ஆங்காங்கே அறுந்து நிற்கும். துப்பறியும் கதைக்கும் ஆள் காணாமல் போன கதைக்கும் நான் இதைத்தான் முதலில் எடுப்பேன். மதிலும் தகரமும் மையும் நாம் தினமும் பார்ப்பவை, அதனால் அந்த எழுத்தை நம்ப முடிகிறது. ஆனால் அது நகரத்து இருட்டு. பனையடி இருட்டுக்கு வேறு எழுத்து வேண்டும்.

ஏப்ரல் 26, காலை

‘கடையில் பாமினியில் அலங்கார எழுத்து நூற்றுக்கணக்கில் இருக்கே, அதில் ஒன்றை எடுத்தால் என்ன’ என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

எடுக்கலாம். அவற்றில் சில உண்மையிலேயே அழகு. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். பாமினி வகையில் கணினி சேமித்து வைப்பது தமிழை அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் இலக்கம், மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம். அதில் புள்ளிக்கு உரிய விசை ஆங்கில அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் பைலைத் திறந்தால் போர்வை கழன்றுவிடும். எங்கள் குடும்பத்து அந்தியேட்டி அழைப்பிதழ் ஒன்று இப்படித்தான், ஓர் இடத்தில் வடிவமைத்து இன்னோர் இடத்தில் அச்சாகி, பேரப்பிள்ளைகளின் பெயர் இருக்க வேண்டிய வரி முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. அச்சடித்தவர் பார்க்கவே இல்லை. பெரியம்மா அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தன் பெயர் எங்கே என்று தேடியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தலைப்பை மட்டும் பாமினி எழுத்துருவில் வைத்து, உடனே கோட்டுருவமாக (எழுத்தாக இல்லாமல் வெறும் வரைபடமாக) மாற்றிவிட்டால் ஆபத்து இல்லை. புத்தகத்தின் பெயரை இணையத்தில் போடும்போதும் மின்னூல் செய்யும்போதும் யூனிகோடில் தட்டுங்கள். இல்லையென்றால் தேடுகிற எவனுக்கும் உங்கள் புத்தகம் கிடைக்காது.

ஏப்ரல் 26, பின்னேரம்

யூனிகோடில் போட்டால் போட்டோஷாப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்பவர்களுக்கு: எழுத்துருவில் குறை இல்லை. அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய், உரை இயந்திரத்தை மத்திய கிழக்கு, தெற்காசியா என்பதற்கு மாற்றுங்கள். புதிய பதிப்புகளில் வேர்ல்ட்-ரெடி என்று இருக்கும். இலஸ்ட்ரேட்டரில் பத்திப் பலகத்தில் வேர்ல்ட்-ரெடி கம்போசர். மாற்றிய பிறகு புது லேயர் திறந்து தட்டுங்கள்.

மே 4

தூரமான எழுத்து எது என்று கேட்டேன் அல்லவா. ‘பனை’யிலேயே அது இருக்கிறது. னை!

தமிழ்நாட்டில் 1978இல் அரசாணை வந்து எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் உருவம் மாறியவை பதின்மூன்று: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்குக்கும் இப்போது போல முன்னால் தனி இரட்டைச் சுழி வராது. தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு எழுத்தின் தலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இங்கே பழைய புத்தகத்திலும் பெரியவர்களின் கையெழுத்திலும் அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் அம்மம்மா கடைசிவரை ‘வினை’யைத் தும்பிக்கையோடுதான் எழுதினா.

இதில் நல்ல விஷயம் என்னவென்றால் யூனிகோடில் எழுத்தின் இலக்கம் மாறாது. அதே ன, அதே ஐகாரக் குறி. எழுத்துரு எந்த உருவத்தை வரைகிறது என்பதுதான் வித்தியாசம். அட்டையில் பழைய உருவமும், தேடும் இடத்தில் இன்றைய எழுத்தும் ஒரே சொல்லாக இருக்கலாம்.

பழைய உருவம் உள்ள எழுத்துரு கையில் இல்லாவிட்டால் வரைந்துவிடுங்கள். எடுத்த எழுத்துருவின் ‘ன’வைக் கோட்டுருவமாக மாற்றி, அதே தடிப்பில் தும்பிக்கையை இழுத்து ஒட்டுங்கள். அது ‘ன’வின் தலையோடு சேரும் மூலை கூராகிவிடாமல் பாருங்கள். மையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போனது போல இருக்க வேண்டும். பின்னும் நினைத்துப் பார்த்தேன்: ஒரு தலைப்பில் இப்படி ஓர் எழுத்துப் போதும். வாசிக்கிறவன் ஒரு கணம் நின்று, ‘பனை’ என்று பிடித்துக்கொண்டு போவான். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

மே 5

எட்டாம் வகுப்புப் படிக்கும் மருமகளிடம் பழைய உருவில் ‘பனை’ காட்டினேன். தயங்கி, ‘பனை’ என்றாள். தனியாக ‘னை’ மட்டும் காட்டியபோது தெரியவில்லை. சொல்லுக்குள் இருக்கும்போது வாசிக்க முடிகிறது, தனியே நின்றால் விளங்கவில்லை. மர்மத்துக்கு இதைவிட நல்ல அளவு கிடைக்காது.

மே 11

காத்தான்குடியிலிருந்து ஒரு நானா எழுதியிருக்கிறார். அத்தர் போத்தலுக்கு லேபல், கறுப்பில் பொன் நிறம், பக்கத்தில் அறபு எழுத்தணி. தமிழையும் அறபு மாதிரி வளைத்து எழுதலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் நானா. ஓர் எழுத்துக்கு இன்னோர் எழுத்தின் வேடம் போட்டால் இரண்டும் கெடும். யோகா கடைகளில் ஆங்கிலத்தைத் தேவநாகரி மாதிரித் தலைக்கோடு போட்டு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பாப்பிரஸ் எழுத்துருவின் கதியும் அதுதான். கிறிஸ் கொஸ்டெல்லோ 1982இல் கையால் வரைந்த அக்கறையான வேலை அது. ‘பழசு, கிழக்கு, ஆன்மிகம்’ என்றால் எல்லாரும் அதையே தூக்கி ஒட்டி, இன்று அதைப் பார்த்தால் தூரதேசம் நினைவுக்கு வருவதில்லை, மசாஜ் நிலையம்தான் வருகிறது.

அறபு எழுத்தணியின் அழகு சரிவாக வெட்டிய நாணல் பேனாவில் இருக்கிறது. கோடு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். அந்தப் பேனாவைத் தமிழுக்கும் கொடுங்கள், அதன் உருவத்தைக் கொடுக்காதீர்கள். சரிந்த முனைப் பேனாவால் தமிழைத் தமிழாகவே எழுதி ஸ்கேன் எடுங்கள். எழுதக் கை வராவிட்டால் நோட்டோ செரிஃப் தமிழ். அதில் தடிப்பும் மெலிவும் தெளிவாக உண்டு.

மே 13

தமிழ்க் கணக்குக் குறிகளை அலங்காரமாகப் பாவிக்கலாமா என்று ஒரு கேள்வி. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. இவையெல்லாம் யூனிகோடில் உண்டு. பழைய பின்னங்களும் அளவைக் குறிகளும் 2019இல் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. தெரியாதவர் கண்ணுக்கு எல்லாமே மந்திரம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அட்டை நடுவில் பொன் நிறத்தில் ‘மேற்படி’ என்று பெரிதாகப் போட்டால் பழைய காணி உறுதி வாசித்த பெரியவர் ஒருவர் சிரித்துவிடுவார்.

பொருளோடு பாவியுங்கள். கதை எண்களுக்கு ௧, ௨, ௩. வெளியான ஆண்டை ௨௦௨௫ ௵ என்று உள்பக்கத்தில். அழகும் வரும், பொய்யும் இல்லை.

இன்னொன்று. மந்திரச் சக்கரம், யந்திரத் தகடு ஆகியவற்றிலிருந்து எழுத்தை எடுத்து அட்டையில் போட வேண்டாம். ஒரு வீட்டில், ஒரு கோயிலில் யாரோ நம்பிக்கையோடு எழுதி வைத்தது அது. கடைத் தட்டுக்கு வருவதற்காக எழுதியது அல்ல. மட்டக்களப்பார் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறது. நாம் வாசகன் கண்ணை அட்டையோடு ஒட்டவைத்தால் போதும், அதற்கு எழுத்தும் இடைவெளியும் இருக்கின்றன.

ஜூன் 3

கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு தொடங்கிவிட்டது. கண்ணகி வழக்குரை படிக்கிற இடத்தில் போய் இருந்தேன். பூசை செய்யும் கட்டாடியாரிடம் கேட்டு ஒரு ஏட்டைக் கிட்டப் பார்த்தேன். கையில் வாங்கவில்லை, அவர் பிடித்திருக்க நான் குனிந்து பார்த்தேன்.

கண்டது இதுதான். எழுத்தாணிக் கோடு முழுக்க ஒரே மெலிவு. தடிப்பு என்ற பேச்சே இல்லை. கரி பூசித் துடைத்ததால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு நிற்கிறது, ஓலையின் நரம்பும் அங்கங்கே கறுத்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. புள்ளி இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் துளை விழும் என்று வைக்கமாட்டார்கள். ‘ர’வும் காலும் (ா) ஒரே உருவம். நடுவில் கயிறு போகிற துளை வந்தால் வரி அதைச் சுற்றி விலகிப் போகிறது. படிக்கிறவர் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பாட்டு அவர் வாயில் இருக்கிறது, ஏடு அதற்குத் துணை.

அட்டைக்கு இதில் எதை எடுக்கலாம்? புள்ளியை முழுக்க எடுத்தால் ‘பனைககு அபபால’ என்று நிற்கும். ஏட்டில் அது முறை, கடையில் அது எழுத்துப்பிழை. பின்னட்டையில் விளக்கம் எழுதினாலும் முன்னட்டையைப் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. நடுவழி ஒன்று இருக்கிறது: புள்ளியை நிரப்பாமல் சின்ன வளையமாக, ஊசி குத்திய துளை போல விடுங்கள். ஒரே மெலிவான கோடு, வளையப் புள்ளி, பழைய னை. கயிற்றுத் துளைக்கு இடம் விட்டது போல இரண்டு சொல்லுக்கும் நடுவில் வெற்றிடம். நீங்கள் தேடிய எழுத்துரு இதுதான், நான் அறிய இன்னும் யாரும் பைலாகச் செய்து வைக்கவில்லை.

ஜூன் 4

‘நேர்கோடு போட்டால் ஓலை கிழியும், அதனால்தான் தமிழ் உருண்டை, ஆகவே தலைப்பில் எல்லாக் கோட்டையும் வளைக்கட்டுமா’ என்று தம்பி கேட்கிறார். அந்த விளக்கத்தை நானும் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் ப, ட, ம, ய எல்லாம் நேர்கோட்டோடுதான் ஏட்டில் நிற்கின்றன. ‘பனைக்கு அப்பால்’ என்பதில் மூன்று ப. அவற்றின் நேர் முதுகை வளைக்காதீர்கள். மற்ற எழுத்துகள் சுழலும்போது அந்த மூன்றும் மரம்போல நிற்கட்டும்.

ஜூன் 10

அச்சுக்குப் போக முன் மூன்று விஷயம், சுருக்கமாக.

உரிமம். இலவசம் என்று இறக்குகிற எழுத்துருவில் ‘சொந்தப் பாவனைக்கு மட்டும்’ என்று இருந்தால் விலைக்கு விற்கிற புத்தக அட்டையில் போட முடியாது. திறந்த எழுத்துரு உரிமம் உள்ளவற்றில் அந்தக் கவலை இல்லை. போடலாம், மாற்றலாம், எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது.

மெல்லிய கோடு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தென்றால் மை நாலு பக்கமும் பரவிக் கோட்டைத் தின்னும். திரையில் சரியாகத் தெரிகிற மெலிவு தாளில் அறுந்துபோகும். அரைப் பொயின்டுக்குக் கீழே போகாதீர்கள். வளையப் புள்ளியின் நடுத்துளைதான் முதலில் அடைபடும், அதைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். இருக்கிற தாளில் ஒரு பிரதி அடித்துப் பார்க்காமல் ஓம் சொல்ல வேண்டாம்.

போன். இப்போது பாதிப் பேர் அட்டையைப் பார்ப்பது வாட்ஸ்அப்பில், விரல் நகம் அளவில். அந்த அளவில் ‘பனை’ தெரிந்தால் போதும், ‘அப்பால்’ பிறகு தெரியட்டும்.

ஜூன் 19

தம்பி அட்டையை அனுப்பியிருக்கிறார். மூன்று ‘ப’வும் நேராக நிற்கின்றன. வளையப் புள்ளி அச்சில் அடைபடவில்லை. தும்பிக்கை சேரும் இடம் மட்டும் கொஞ்சம் கனத்திருக்கிறது, அங்கே உட்பக்கத்தில் ஒரு மயிரளவு வெட்டி எடுத்தால் சரியாகிவிடும். துணைத்தலைப்பு காட்டமரானின் மெல்லிய தடிப்பில், ஆசிரியர் பெயர் கவிவனாரில். நான் இதை வாங்குவேன்.

தான் வரைந்த எழுத்துகளை மற்றவர்களும் எடுக்கும்படி திறந்த உரிமத்தில் விடத் தயார் என்கிறார். அப்படியென்றால் பதின்மூன்று பழைய உருவங்களையும் முடிக்க வேண்டும். இப்போது இருப்பது னை ஒன்றுதான். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ பழைய அச்சகங்களில் ஈய எழுத்து மிச்சம் வைத்திருப்பவர்கள், ணொ, றோ, னா இவற்றை மை தொட்டு வெள்ளைத் தாளில் ஒற்றி, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். நிழல் விழாமல், நேர் மேலே இருந்து எடுங்கள். றொ இரண்டு மூன்று அளவில் கிடைத்தால் மிக நல்லது, அதன் சுழி அளவுக்கு அளவு மாறுகிறது.